மோட்டாருக்கு ஊற்ற ஒரு குடம்

வெள்ளிக்கிழமை மாலை ஓசூர் அலுவலகத்தில் ஒரு சோதனையை ஓடவிட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். 8 ஜிபி மெமரி உள்ள கணினி, அதில் நான் எழுதிய டிஸ்க் டிரைவர். டிஸ்க்குக்குப் போகும் தரவைச் சுருக்கி வேறொரு சர்வருக்கு அனுப்பும் வேலை. 2022-இல் லினக்ஸ் 6.0-உடன் வந்த யூபிளாக் என்ற வசதியை வைத்து, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு வெளியே சாதாரண புரோகிராமாக எழுதியிருந்தேன். கர்னலுக்குள் ஒரு சின்னப் பிழை மொத்தக் கணினியையும் சாய்த்துவிடும், வெளியே இருந்தால் அந்தப் பயம் இல்லை என்று நம்பினேன்.

சனிக்கிழமை காலை காவேரிப்பட்டணத்தில் லேப்டாப்பைத் திறந்து அலுவலகக் கணினியைத் தொட்டால், பிங்குக்குப் பதில் வருகிறது, லாகின் ஆகவில்லை. கர்னலின் செய்திகள் வரும் சீரியல் கன்சோலில் '120 வினாடிகளுக்கு மேல் நகரவில்லை' என்ற எச்சரிக்கை வரிசையாக வந்திருந்தது. பட்டியலில் என் டிரைவரும் இருந்தது. முந்தைய வாரமும் இப்படித்தான் நின்றது. அன்று புரோகிராமைக் கட்டாயமாக நிறுத்தும் கில் -9 கூட எடுபடவில்லை. இந்த முறை சிக்கியிருந்த புரோகிராம்களின் ஸ்டாக்கை, அதாவது ஒவ்வொன்றும் எந்த வேலையின் நடுவே நிற்கிறது என்ற பட்டியலை எடுத்து நிதானமாகப் படித்தேன்.

என் புரோகிராம் சர்வருக்குத் தரவு அனுப்பப் போகிறது. பாக்கெட்டுக்குக் கர்னல் மெமரி தேடுகிறது. மெமரி தீர்ந்துவிட்டதால், பழையதை விடுவிக்க, டிஸ்க்கில் கோப்புகளை நிர்வகிக்கும் எக்ஸ்எஃப்எஸ்ஸிடம் போகிறது. எக்ஸ்எஃப்எஸ் தன் மாற்றங்களைக் குறிக்கும் பதிவேடு டிஸ்க்கில் எழுதி முடியட்டும் என்று காத்திருக்கிறது. அந்த டிஸ்க் என்னுடையது. எழுத வேண்டிய புரோகிராம் மெமரிக்காகத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

அப்போது அப்பா தோட்டத்திலிருந்து கூப்பிட்டார். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வ் கசிந்து, குழாயில் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. தண்ணீர் ஊற்றினால்தான் ஏறும். தொட்டி காலி. "குடத்துல எப்பவும் தண்ணி இருக்கணும் கண்ணு. யாரோ கால் கழுவிட்டாங்க" என்றார். காலுக்குக் கீழே கிணறு நிறையத் தண்ணீர். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினோம். ஸ்டாக்கில் படித்தது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

மெமரியைப் பூட்டும் எம்லாக்ஆல் கட்டளையைப் போட்டிருக்கிறோமே, அது போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது என் புரோகிராமின் மெமரிப் பக்கங்களை வெளியேறாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அனுப்பு என்று நான் சொல்லும்போது கர்னல் எனக்காக உள்ளே எடுக்கும் மெமரிக்கு அதனால் பயனில்லை. கர்னலுக்குள் இருக்கும் டிரைவர்கள் மெமரி கேட்கும்போதே 'இதற்காக டிஸ்க்கைத் தொடாதே' என்று சொல்லிவிட முடியும். வெளியே இருப்பவர்களுக்கு அந்த வசதி 2020-இல், லினக்ஸ் 5.6-இல்தான் கிடைத்தது: புரோகிராம் தன் அமைப்புகளைக் கர்னலிடம் மாற்றச் சொல்லும் பிஆர்சிடிஎல்லில் 'ஐஓ ஃப்ளஷர்' என்ற ஒரு கொடி (ஃப்ளாக்).

திங்கட்கிழமை அதைச் சேர்த்தேன். செவ்வாய் காலை மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அரை நாள் தேடியபின் தெரிந்தது, கொடி புரோகிராமுக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி. பிறக்கும் த்ரெட்டுக்கு அது தானாக இறங்கும், ஏற்கெனவே பிறந்ததற்கு இறங்காது. நான் வேலைக்கார த்ரெட்டுகளை எல்லாம் உருவாக்கிய பிறகு கொடியைப் போட்டிருந்தேன். புரோகிராம் தொடங்கும் இடமான மெயினின் முதல் வரிக்கு மாற்றினேன்.

ஆனால் கொடி மெமரியைக் கொண்டுவந்து தராது, தப்பான இடத்தில் கேட்காமல் தடுக்கும், அவ்வளவே. குடம் தனியாக வேண்டும். அதனால் தரவைச் சுருக்கும்போது வைத்துக்கொள்ளும் மெமரி இடங்களான பஃபர்களை எல்லாம் தொடக்கத்திலேயே எடுத்து, ஒருமுறை எழுதிப் பார்த்து, பூட்டிவைத்தேன். வேலை நடக்கும்போது மாலாக் (புதிதாக மெமரி கேட்பது) கூடாது என்று டீமில் சொன்னேன். "கோட் அசிங்கமாகுமே அண்ணா" என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி. ஆகட்டும் என்றேன். டிஸ்க்கை நம்பித்தான் மற்ற எல்லாமே அதன்மேல் நிற்கிறது.

இப்போது மெமரியை வேண்டுமென்றே 2 ஜிபிக்குக் குறைத்து, இரவு முழுக்கப் பெரிய கோப்புகளை எழுதவிட்டுப் பார்க்கிறோம். நேற்று அந்தத் தம்பிதான் இன்னொன்றைப் பிடித்தான்: எங்கள் டிரைவர் தன் செய்திகளை எழுதும் லாக் கோப்பே, அது நடத்தும் அந்த டிஸ்க்கில்தான் எழுதப்படுகிறது. இன்று அதை மாற்றுகிறோம்.