பில்ட் லாகிலிருந்து எச்சரிக்கைகளைத் தொகுத்து எழுதக் கற்றுக்கொண்ட விதம்

எங்கள் குழு நீர்மட்டக் கருவி ஒன்றைச் செய்த பொறியியல் இறுதியாண்டுச் செயல்திட்டத்தின் முதல் மதிப்பீட்டுக்கு நான் கொடுத்த அறிக்கையில், "கம்பைலர் எச்சரிக்கைகள் 418, பெரும்பாலானவை அபாயமற்றவை" என்று ஒரே வரி எழுதியிருந்தேன். வெளித் தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்து, "பெரும்பாலானவை போக மீதி எவை?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கருவி; சந்தேகமான இடங்களைக் கண்டால் எச்சரிக்கும். பில்ட் எனப்படும் அந்த மாற்றும் வேலையின்போது வரும் செய்திகள் பதிவான லாக் கோப்பில் 'வார்னிங்' என்ற சொல் வரும் வரிகளைக் கிரெப் கட்டளையால் எண்ணியிருந்தேனே தவிர, ஒன்றைக்கூடப் படித்திருக்கவில்லை. இரண்டாம் மதிப்பீட்டுக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. அதற்குள் அந்த லாகைப் படித்துச் சுருக்கி எழுதும் முறையைக் கற்றுக்கொண்டேன். சி மொழியில், லினக்ஸ் கணினியில், ஜிசிசி கம்பைலரோடு வேலை செய்யும் மாணவர்களுக்கு அது பயன்படும் என்று நம்புகிறேன்.

லாகை எடுக்கும் முறையிலேயே என் தவறு தொடங்கியிருந்தது. பில்ட் வேலையை நடத்தும் மேக் கருவி மாற்றம் கண்ட கோப்புகளை மட்டுமே மறுபடி கம்பைல் செய்யும். ஆகவே நேற்று கம்பைலான கோப்பின் எச்சரிக்கை இன்றைய லாகில் இராது. முன்பு கம்பைலாகிக் கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்புகளை முழுவதும் அழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து பில்ட் செய்தால்தான் எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு. அடுத்து, ஜிசிசி தன் எச்சரிக்கைகளை ஸ்டாண்டர்ட் அவுட்புட் என்ற வழக்கமான வெளியீட்டு வழியில் எழுதுவதில்லை, ஸ்டாண்டர்ட் எரர் என்ற பிழைச் செய்திகளுக்கான தனி வழியில் எழுதுகிறது. வெளியீட்டை மட்டும் கோப்புக்குத் திருப்பினால் கட்டளைகள் கோப்பில் பதிவாகும், எச்சரிக்கைகள் திரையிலேயே ஓடி மறைந்துவிடும். இரண்டையும் சேர்த்தே திருப்ப வேண்டும். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் வெவ்வேறு கோப்புகளின் செய்திகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். ஜிஎன்யு மேக் 4.0 முதல் இருக்கும் அவுட்புட் சிங்க் வசதி ஒவ்வொரு வேலையின் செய்திகளையும் தனித்தனியாகக் கட்டித் தரும். எல்சி ஆல் என்ற சூழல் மாறிக்கு 'சி' என்ற மதிப்பைக் கொடுப்பதும் அவசியம். இல்லையென்றால் மொழி அமைப்பைப் பொறுத்து மேற்கோள் குறிகள்கூட மாறும். இரண்டு கணினிகளின் லாகை ஒப்பிடும்போது இல்லாத வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் தோன்றும்.

இப்படி எடுத்த லாகைத்தான் படிக்கத் தொடங்க வேண்டும். ஜிசிசியின் எச்சரிக்கை வரிக்கு நிலையான வடிவம் உண்டு: கோப்பின் பெயர், வரி எண், நெடுவரிசை எண், 'வார்னிங்' என்ற சொல், செய்தி, இறுதியில் சதுர அடைப்புக்குள் அந்த எச்சரிக்கையை எழுப்பிய ஃபிளாகின் (கம்பைலருக்குக் கொடுக்கும் தேர்வுக் குறியின்) பெயர். இந்த வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, கோப்பு, வரி, நெடுவரிசை, ஃபிளாக் ஆகிய நான்கும் ஒன்றாக இருப்பவற்றைச் சார்ட், யூனிக் கட்டளைகளால் ஒன்றாக்கினேன். 418 என்பது 57 ஆகக் குறைந்தது. பல கோப்புகளுக்குப் பொதுவான அறிவிப்புகளைக் கொண்ட ஒரே ஹெடர் கோப்பில் இருந்த 12 எச்சரிக்கைகள், அந்த ஹெடரை உள்ளடக்கிய 28 சி கோப்புகளிலும் திரும்பத் திரும்ப அச்சாகி, 336 வரிகளாகப் பெருகியிருந்தன. எங்கள் நீர்மட்டக் கருவியின் அபாய விளக்கை இயக்கும் கோப்பின் பெயரிலேயே 'வார்னிங்' இருந்ததால், அதைக் கம்பைல் செய்த கட்டளைகளும் எண்ணிக்கையில் நுழைந்திருந்தன. எச்சரிக்கையைத் தொடர்ந்து விளக்கமாக வரும் 'நோட்' வரிகளைத் தனி எச்சரிக்கையாகக் கணக்கிடக் கூடாது என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன்.

57 எச்சரிக்கைகளையும் ஃபிளாக் வாரியாகப் பிரித்தபோது, பயன்படுத்தாத அளவுருக்கள் (செயற்கூறு, அதாவது ஃபங்ஷன், பெறும் மதிப்புகள்) 39, குறியுள்ள (எதிர்மறையாகவும் இருக்கக்கூடிய) எண்ணையும் குறியற்ற எண்ணையும் ஒப்பிடுபவை 12, பயன்படுத்தாத மாறிகள் 5, அறிவிக்கப்படாத செயற்கூற்றை அழைப்பது 1 என்று வந்தது. எண்ணிக்கை வரிசையில் அடுக்கினால் கடைசியாக நிற்கும் அந்த ஒன்றுதான் எங்களை இரண்டு மாதங்களாக வருத்திய பிழைக்குக் காரணம். எங்கள் நிரல் 32 பிட் போர்டில் ஒழுங்காக ஓடியது. அதையே ஆய்வகத்தின் 64 பிட் கணினியில் ஓட்டினால் இடையில் நின்றுவிடும். ஒரு பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, திருப்பித் தரும் செயற்கூற்றை, அதன் ஹெடரைச் சேர்க்காமல் ஒரு கோப்பு அழைத்திருந்தது. அறிவிப்பு இல்லாத செயற்கூறு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று பழைய சி மரபின்படி கம்பைலர் எடுத்துக்கொள்ளும். முழு எண்ணுக்கு 32 பிட் மட்டுமே உண்டு. 64 பிட் முகவரியின் மேல்பாதி அங்கே தொலைந்துபோகும். முழு எண்ணிலிருந்து பாயின்டர் உருவாகிறது என்ற இரண்டாவது எச்சரிக்கையாவது வந்திருக்கும். நண்பர் ஒருவர் அந்த இடத்தில் டைப் கேஸ்ட் (மதிப்பின் வகையை வலிந்து மாற்றும் குறிப்பு) போட்டிருந்ததால், லாக் எடுத்த 32 பிட் பில்டில் அதுவும் அடங்கிவிட்டது. 2024இல் வெளியான ஜிசிசி 14 இதை எச்சரிக்கையாக விடாமல் பிழையாகவே நிறுத்துகிறது. ஆனால் கல்லூரி ஆய்வகங்களில் பழைய பதிப்புகள் இன்னும் இருக்கின்றன. எனவே தொகுப்பை எண்ணிக்கையின்படி அடுக்காமல், நிரலின் நடத்தையை மாற்றக்கூடியவற்றை முதலிலும் தூய்மை தொடர்பானவற்றைப் பின்னும் எழுதுங்கள். குறியுள்ள, குறியற்ற ஒப்பீடுகள் 12 இருந்தாலும், ஒவ்வொன்றிலும் எதிர்மறை மதிப்பு வர வாய்ப்புண்டா என்று நிரலைத் திறந்து பார்த்த பிறகே ஒரு வரி எழுதுங்கள். எங்களுக்கு அவற்றில் இரண்டு உண்மையான தவறுகளாக இருந்தன.

எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட எச்சரிக்கைகளை அடக்கிவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். 2006இல் டெபியன் லினக்ஸில், தொடக்க மதிப்பு தரப்படாத நினைவகத்தைப் பற்றி வால்கிரிண்ட் கருவி எழுப்பிய எச்சரிக்கைகளைப் போக்குவதற்காக ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியீட்டு நிரலில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, சமவாய்ப்பு எண் உருவாக்கத்துக்குத் தேவையான விதையைச் சேர்த்த வரி. அதன் விளைவாக, அந்தக் கணினிகளில் உருவான மறைகுறியீட்டுச் சாவிகள் ஊகித்துவிடக்கூடிய சிறு தொகுதிக்குள் அடங்கின. இது 2008 மே மாதத்தில்தான் வெளியே தெரிந்தது. வால்கிரிண்ட் கம்பைலர் அன்று, நிரல் ஓடும்போது சோதிக்கும் கருவி. ஆயினும் தொகுப்பு எழுதுபவருக்கு இந்த நிகழ்வு நேரடியாகப் பொருந்தும். எதை ஏன் அடக்கினோம் என்பது ஒவ்வொரு முறையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை வராதது நிரல் சரி என்பதற்குச் சான்றாகாது. 'டபிள்யூ ஆல்' என்ற ஃபிளாகின் பெயர் எல்லாம் என்று ஒலித்தாலும், அது எல்லா எச்சரிக்கைகளையும் இயக்குவதில்லை. பயன்படுத்தாத அளவுருக்களைக் காண 'டபிள்யூ எக்ஸ்ட்ரா'வும் வேண்டும். தொடக்க மதிப்பு தரப்படாத மாறியாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையோ, நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் ஆப்டிமைசேஷனின் நிலையைப் பொறுத்து வரும், மறையும். ஆகவே கம்பைலரின் பதிப்பு, கொடுத்த ஃபிளாகுகள், ஆப்டிமைசேஷன் நிலை, நிரலின் எந்த வடிவம் என்று காட்டும் கமிட் எண் ஆகியவற்றைத் தொகுப்பின் தலையில் எழுதாவிட்டால் கீழே உள்ள எண்களை யாராலும் சரிபார்க்க முடியாது.

இரண்டு லாகுகளை ஒப்பிடும்போது வரி எண்ணை விட்டுவிடுங்கள். கோப்பின் மேல்பகுதியில் ஒரு வரி சேர்த்தாலே கீழுள்ள எச்சரிக்கைகள் அனைத்தும் இடம் மாறிப் புதியவைபோலத் தோன்றும். கோப்பின் பெயர், ஃபிளாக், செய்தி ஆகிய மூன்றை மட்டும் வைத்து ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உண்மையில் புதிதாக வந்தவை தெரியும்.

இரண்டாம் மதிப்பீட்டுக்கு நான் எழுதிய பகுதி இப்படி இருந்தது: "முழு பில்டில் தனித்த எச்சரிக்கைகள் 57. அறிவிப்பில்லாத அழைப்பு 1, ஹெடர் சேர்த்துத் திருத்தப்பட்டது. 64 பிட் கணினியில் நிரல் நின்றதற்கு இதுவே காரணம். ஒப்பீடுகள் 12இல் 2 திருத்தப்பட்டன. 10இல் எதிர்மறை மதிப்பு வர வழியில்லை என்பது சரிபார்க்கப்பட்டது. பயன்படுத்தாத மாறிகள் 5 நீக்கப்பட்டன. பயன்படுத்தாத அளவுருக்கள் 39, கால்பேக் (வேறு நிரல்பகுதி அழைக்கும்) செயற்கூறுகளின் பொது வடிவத்துக்காக உள்ளவை, அப்படியே விடப்பட்டன. முதல் மதிப்பீட்டுக்குப் பின் புதியவை இல்லை." தேர்வாளர் அந்தப் பத்து ஒப்பீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எதிர்மறை மதிப்பு ஏன் வராது என்று விளக்கச் சொன்னார். நிரலைத் திறந்து, அந்த மாறி நிரப்பப்படும் இடத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன்.