தட்டட்டியும் அடுப்பும்: ஆடி முதல் பங்குனி வரை

ஜூலை 20 (ஆடி 4)

காற்று இன்றைக்கும் குறையவில்லை. மேற்கு மலைக் கணவாய்கள் வழியாக வரும் காற்று இது. ஈரத்தையெல்லாம் குற்றாலத்தில் சாரலாகக் கொட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வெறுங்காற்றாக வந்து சேர்கிறது. காலையில் நனைத்த மண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது. ஆனாலும் விதைக்க இதுதான் காலம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்கு மட்டும் சொன்னதில்லை, தட்டட்டி என்று நாங்கள் சொல்லும் மொட்டை மாடிக்கும் பொருந்தும்.

எங்கள் தட்டட்டியில் தண்ணீர்த் தொட்டியும் துணிக் கொடியும் போக மிச்சம் இருப்பதுதான் செடிக்கு. வீட்டுக்கு வேண்டிய காய் முழுவதும் இங்கே விளையாது, அதற்கு ஆசைப்படவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். சேனை, தடியங்காய் (வெண்பூசணி), பல்லாரி (பெரிய வெங்காயம்), உருளை இவையெல்லாம் மூலையில் கிடந்தாலும் நாள்கணக்கில் கெடாது. அவற்றை நயினார்குளம் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம். பறித்த நேரத்திலிருந்தே வாட ஆரம்பிக்கிற கீரை, வெண்டை, பிஞ்சு அவரை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் ஆகியவற்றுக்குத்தான் மாடி. இடம் குறைவாக உள்ளவர்கள் யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இன்று போட்டது: சிறுகீரை, தண்டங்கீரை, அரைக்கீரை, வெண்டை, கொடி அவரை, புடலை. கத்தரியும் மிளகாயும் நாற்றுத் தட்டில். செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், அதனால் நல்ல தண்ணீரில் ரெண்டு மூணு தடவை அலசிப் பிழிந்துதான் கலக்க வேண்டும்.

மக்கு உரத்தில் சாணம் கிடையாது. மகள் ஒருநாள், “கன்னுக்குட்டிக்கு உள்ளதை நாம ஏம்மா எடுக்கணும்?” என்று கேட்டாள். அவள் பாலை விட்டாள், அப்புறம் நானும் விட்டேன். இப்போது வீட்டில் பால், தயிர், நெய் எதுவும் இல்லை. செடிக்கு மட்டும் மாட்டைத் தேடிப் போக மனசு வரவில்லை. பூவரசு இலை, வேப்பஞ்சருகு, காய்கறித் தொலி இவற்றை மூடி போட்ட டிரம்மில் மக்க வைக்கிறேன். ஒரு அடுக்கு ஈரத் தொலி போட்டால் அதன்மேல் ரெண்டு அடுக்கு காய்ந்த சருகு போட வேண்டும், அப்படிப் போட்டால் நாறாது. தழைச்சத்துக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுவேன். வேருக்குப் பாதுகாப்பாக வேப்பம்புண்ணாக்கு. செடிக்கு இதுவே போதும்.

ஆகஸ்ட் 3 (ஆடி 18)

எல்லாம் முளைத்துவிட்டது. காற்றுக்குச் சாயாமல் இருக்கக் சுவர் ஓரமாக நகர்த்தி, அவரைக்கும் புடலைக்கும் கம்பு நட்டுக் கட்டியாயிற்று. ஆற்றில் தண்ணீர் போகிறது என்று தெருவில் பேச்சு. மதியம் தேங்காய்ச் சோறு.

ஆகஸ்ட் 24 (ஆவணி 8)

சிறுகீரை வேரோடு பிடுங்கும் பருவம். தண்டங்கீரைக்கு இன்னும் ஒரு வாரம் விடலாம். அரைக்கீரையைப் பிடுங்கக் கூடாது. ரெண்டு விரல் உயரம் விட்டு நறுக்கினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும், இடம் இல்லாத வீட்டுக்கு அதைவிட உபகாரமான கீரை இல்லை.

மகாராஜ நகர் உழவர் சந்தைக்கு விடிகாலையில் போனால் நல்ல கீரை கிடைக்கும், அதை மறுப்பதற்கில்லை. வீட்டுக்கு வந்து, வேலை முடித்து, ஆய்ந்து அடுப்பில் வைக்கும்போது மணி பத்தாகிவிடும். அதற்குள் இலை துவண்டு வைட்டமின் சி குறைந்துபோயிருக்கும். மாடியில் பறித்த கீரையோ படி இறங்கும் நேரத்தில் சட்டிக்குள் போய்விடுகிறது. மண்சட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து மூடாமல் வேகவைத்து, மத்தால் கடைந்து, நல்லெண்ணெயில் கடுகும் உளுந்தம்பருப்பும் தாளித்துக் கொட்டினேன். புளி வேண்டாம், தேங்காய் வேண்டாம். இளங்கீரைக்கு அதன் ருசியே போதும். தொட்டுக்கொள்ளக் காணத்துவையல் (கொள்ளுத் துவையல்).

செப்டம்பர் 28 (புரட்டாசி 12)

வெண்டை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் தள்ளிவிட்டாலும் முற்றி நார் ஏறிவிடும். ஒரு செடியில் இலை நரம்பு மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தது. வெள்ளை ஈ பரப்பும் நோய் இது, மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மற்றவற்றின் இலையடியில் வேப்பெண்ணெய் தெளித்தேன். லிட்டர் தண்ணீருக்கு அஞ்சு மில்லி எண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாஞ்சோறு. எல்லாக் காயும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கிற காலத்தில் இதைவிட நல்ல சமையல் கிடையாது. மாடித் தோட்டத்தில் எந்தக் காயும் ஒரு பொரியலுக்குத் தேறுகிற மாதிரி மொத்தமாகக் காய்ப்பதில்லை. நாலு கத்தரி, ஒரு கை சீனியவரைக்காய் (கொத்தவரை), ஒரு புடலை என்றுதான் வரும். கூட்டாஞ்சோறு அப்படிப்பட்ட அறுவடைக்கென்றே ஆனது.

அரிசி ரெண்டு பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு. பருப்பை முதலில் முக்கால் வேக்காடாக வேகவிட்டு அரிசியைப் போட வேண்டும். தேங்காய், மிளகாய்வத்தல், சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தது அப்புறம். கத்தரி, சீனியவரை, வாழைக்காய், முருங்கைக்காய், ஒரு துண்டு மாங்காய். புளிக்கரைசல் கடைசியில்தான், முன்னாலேயே ஊற்றினால் காய் வேகாமல் விறைத்துக்கொள்ளும். இறக்குவதற்குச் சற்று முன் ரெண்டு கை முருங்கைக்கீரை. கீரை இல்லாவிட்டால் அதைக் கூட்டாஞ்சோறு என்று சொல்ல மாட்டேன். வெங்காய வடகத்தை நல்லெண்ணெயில் பொரித்து மேலே கொட்டிக் கிளறினால் தெரு முனை வரை மணக்கும்.

டவுணிலிருந்து மதினி வந்திருந்தார்கள். இலையில் வைத்ததும் கேட்டார்கள்: “என்ன மதினி, கடைசியில ஒரு கரண்டி நெய்யி விடலியா?”

“நல்லெண்ணெய்தான் விட்டுருக்கேன். சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க.”

ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்ட பிறகு மதினியே சொன்னார்கள்: “எங்க ஆச்சியும் நெய்யி விட மாட்டா, பாத்துக்கிடுங்க. நெய்யெல்லாம் பொறவு வந்த பழக்கம்.”

அவர்கள் சொன்னதை ராத்திரி வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பாலை விட்டதும் சமையலே புதிதாகப் படிக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். நம் பக்கத்துச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள்: சொதி, தீயல், உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத்துவையல், புளிமிளகாய், உளுந்தங்களி. எதிலும் பால் கிடையாது. கொழுப்பும் மணமும் தேங்காயிலிருந்தும் எள்ளிலிருந்தும் வருகின்றன. என் ஆச்சி வீட்டில் பால் காபிக்கு, மோர் கடைசிச் சோற்றுக்கு, அவ்வளவுதான். அந்த ரெண்டு இடத்தையும் நிரப்பினால் போதும். காபிக்கு இப்போது கருப்பட்டி போட்ட கடுங்காபி. மோருக்கு மாற்று என்ன என்பதை வெயில் காலத்தில் எழுதுகிறேன்.

அக்டோபர் 30 (ஐப்பசி 13)

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. பிசான நெல் பருவத்துக்கு உழுதிருப்பார்கள். மாடியில் வேலை ஒன்றே ஒன்று, பைகளின் அடித் துளைகள் அடைபடாமல் பார்ப்பது. தண்ணீர் தேங்கினால் மூணு நாளில் வேர் அழுகிவிடும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தாயிற்று. கீரை விதைப்பதை மழை குறையும் வரை நிறுத்திவிட்டேன். மழைத்துளி அடித்துச் சேறு தெறித்த கீரையைக் கழுவி மாளாது.

செடி தராத நாளில் பானைச் சாமான்தான். தொலி உளுந்து உடைத்தது, புழுங்கலரிசி, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உளுந்தம்பருப்புச் சோறு. எள்ளுத்துவையல் அம்மியில் அரைத்தது. மழை ஈரத்தில் உடம்புக்கு அது நல்ல சாப்பாடு.

பால் இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன வழி என்று அத்தை போனில் கேட்டார்கள், கவலையோடுதான். கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள்ளில் அதைவிட அதிகம். கேழ்வரகுக் கூழும் எள்ளுத்துவையலும் முருங்கைக்கீரையும் எங்கள் வாரத்தில் தவறாது. வைட்டமின் பி12 மட்டும் செடியிலிருந்து கிடைக்காது. அதற்கு நானும் மகளும் டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்கிறோம். பாலை விடுகிறவர்கள் யாரும் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

டிசம்பர் 18 (மார்கழி 3)

இந்தத் தேதி வந்தால் 2023 நினைப்பு வராமல் போகாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கரையோர வாழையும் நெல்லும் போன கணக்கு நம் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு வானம் தெளிவு.

அவரை இப்போதுதான் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கிறது. ஆடியில் போட்டு மார்கழி வரை வெறும் கொடியாகப் படர்கிறதே என்று புதிதாக வளர்ப்பவர்கள் வெட்டிவிடுவார்கள். பகல் சுருங்கினால்தான் நம் கொடி அவரை பூக்கும், அதுவரை பொறுக்க வேண்டும். இந்தக் குளிரில் பூங்கொத்தில் அசுவினி மொய்க்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும், மீதிக்கு வேப்பெண்ணெய்.

ஜனவரி 15 (தை 1)

வாசலில் கோலம் போட்டு, அடுப்புக்கட்டி வைத்து, பனை ஓலையில் தீ மூட்டினோம். மஞ்சள் குலையும் இஞ்சியும் கட்டிய பானையில் பாலுக்குப் பதிலாக ரெண்டாம் தேங்காய்ப் பால் ஊற்றினேன். பொங்குமா என்று எதிர்வீட்டுச் சித்தி நின்று பார்த்தார்கள். அரிசி கழுவிய தண்ணீரும் சேர்ந்து நுரைத்துக் கிழக்கே வழிந்தது. சித்திதான் முதல் குலவை போட்டார்கள்.

பிறகு சிறுகிழங்கு. தை பிறந்தால் நெல்லைச் சீமையில் இது இல்லாத இலை உண்டா? மண் ஒட்டிய கிழங்கை மார்க்கெட்டில் வாங்கிவந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கோணிக்குள் கட்டித் தரையில் தட்டி உருட்டினால் தொலி பாதிக்கு மேல் போய்விடும். மிச்சத்தைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். விரலெல்லாம் கறை பிடிக்கும். மகளும் நானும் நேற்றுச் சாயங்காலம் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருந்தோம். வேகவைத்து, தேங்காய், சீரகம், மிளகாய்வத்தல், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுப் புரட்டினால் போதும். அந்த மண்வாசம் உருளையில் வராது.

சாம்பாருக்குக் கிழங்கும் தடியங்காயும் வாங்கியவை, அவரையும் கத்தரியும் கறிவேப்பிலையும் மேலிருந்து வந்தவை. அவியலில் தயிர் இல்லை, புளிப்புக்குக் கொஞ்சம் மாங்காய். பனங்கிழங்கு அவித்தது தனியாக.

ஜனவரி 16 (தை 2)

தண்ணீர் ஊற்றிய நேற்றைய பொங்கல் சோறும், மிச்சக் குழம்பு கறி எல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சுண்டவைத்த சுண்டக்கறியும். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை, அவ்வளவு நிறைவு.

மார்ச் 29 (பங்குனி 15)

அவரைக் கொடி காய்ந்துவிட்டது. முற்றிய நெற்றுகளை உரித்து, நல்ல மணிகளாகப் பொறுக்கிச் சாம்பல் கலந்து பாட்டிலில் போட்டு வைத்தேன், வரும் ஆடிக்கு. பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலையைத் தட்டட்டியில் இழுத்துக் கட்டியாயிற்று. இனி ஆடி வரை மாடியில் கறிவேப்பிலை, மிளகாய், சீனியவரை, நிழலில் கொஞ்சம் அரைக்கீரை. கூடுதலாக எதையும் வைத்து வாட்ட வேண்டாம். மண் மேல் சருகைப் பரப்பிக் காலையும் மாலையும் தண்ணீர்.

மோருக்கு மாற்றை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முதலில் நீராகாரம்: பழையசோற்றுத் தண்ணீரில் உப்பு, நசுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ரெண்டு துளி எலுமிச்சை. ராத்திரி முழுக்க புளித்த தண்ணீர் அது, மோரின் புளிப்பு அதிலேயே இருக்கிறது. தயிர்தான் வேண்டும் என்றால் வேர்க்கடலையை ஊறவைத்துத் தொலி நீக்கி, அரைத்துப் பால் பிழிந்து, காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் மிளகாய்க் காம்பு நாலைந்து போட்டு மூடி வைத்தால் உறையும். நம் வெயிலுக்குச் சீக்கிரமே உறைந்துவிடுகிறது. முதல் உறை கொஞ்சம் காட்டமாக இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் விட்டால் நன்றாக வரும்.

மோர்மிளகாய்க்குப் பதில் மிளகாயை உப்பிலும் புளியங்குடி எலுமிச்சைச் சாற்றிலும் ஊறப்போட்டுக் காயவைக்கிறேன். தட்டட்டி வெயில் அதற்கு நல்ல உதவி. இன்றைக்கு ரெண்டாம் நாள் காய்ச்சல். இன்னும் ஈரம் இருக்கிறது, சாயங்காலம் திரும்பவும் சாற்றில் போட வேண்டும்.