புயலுக்குத் தப்பிய மீன், கத்திரியில் போனது

2024 மே மாதம், அரக்கோணத்தில் ஒரு திருமணத்துக்கு அம்மாவுடன் போய்விட்டு மறுநாள் முற்பகலில் ராயபுரம் வீட்டின் பூட்டைத் திறந்தேன். என் கடல்நீர் மீன் தொட்டியின் மோட்டார் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்ததால், எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது என்று நினைத்துக் கைப்பையைக் கீழே வைத்தேன். கிட்டே போன பிறகுதான் தண்ணீர் அரிசி களைந்த நீரைப் போல மங்கியிருந்ததும், பெரிய கோமாளி மீன் பாறை இடுக்கில் ஒருக்களித்துக் கிடந்ததும் கண்ணில் பட்டன. அதன் வாய் திறந்திருந்தது. செவுள் மூடிகள் இரண்டும் விரிந்து நின்றன. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் சிறு நண்டு ஒன்று அதன் வால் துடுப்பைப் பிய்க்கத் தொடங்கியிருந்தது. வாயும் செவுளும் அப்படி விரிந்திருந்தால், அந்த மீன் பெரும்பாலும் மூச்சுத் திணறிச் செத்திருக்கிறது என்று பொருள்.

அந்த மீன் மூன்று ஆண்டுகள் என்னுடன் இருந்தது. 2021இல் வண்ண மீன் விற்கும் கொளத்தூரில் சோடியாக வாங்கினேன். இரண்டும் கடலில் பிடித்தவை அல்ல, பண்ணையில் பொரித்து வளர்த்த குஞ்சுகள் என்று உறுதி செய்துகொண்ட பிறகே வாங்கினேன். தொட்டி பெரியதன்று: இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலமும் உயரமும், பாறையும் மணலும் போக ஏறத்தாழ நூறு லிட்டர் தண்ணீர். கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அவற்றை நான் நாடவில்லை. காளான் போல விரியும் மென்மையான உயிர்களும், பொத்தான் அளவில் பூப்போல விரியும் சோவாந்திட் என்னும் கடலுயிர்களும்தான் என் பாறைகளில் வளர்கின்றன. தொட்டியை அமைத்த பிறகு, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறைகளில் குடியேறுவதற்காக ஆறு வாரம் ஒரு மீன்கூட விடாமல் காத்திருந்தேன்.

கடல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும்போது உப்பை ஏன் காசு கொடுத்து வாங்குகிறாய் என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. காசிமேட்டுத் துறைமுகத்தின் தண்ணீரில் படகுகளின் டீசலும் மீன் கழிவும் கலந்திருக்கின்றன; 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் எப்படிப் பரவியது என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஆகவே ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைக் கரைத்து, அளந்து பார்த்து, ஒரு நாள் சுழலவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.

அந்த டிசம்பரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வைத்திருந்தேன். முதல் இரவிலேயே அதன் பேட்டரிகள் தீர்ந்தன, கடைகள் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. அப்போது அம்மாவும் நானும் முறை வைத்துக்கொண்டு, எவர்சில்வர் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து நுரைக்கும்படி மீண்டும் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர் விழும் வேகத்தில் காற்று உள்ளே இழுபடும் என்பதுதான் கணக்கு. அரை மணிக்கு ஒரு முறை ஐம்பது சொம்பு. தொட்டி வைக்கவே சம்மதிக்காத அம்மா, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எண்ணிக்கை தப்பாமல் ஊற்றியதை என்னால் மறக்க இயலாது. மீன்கள் அனைத்தும் பிழைத்தன.

நாற்பது மணி நேரத்தைத் தாண்டிவிட்டோம், இனி ஓர் இரவு மின்வெட்டெல்லாம் பெரிதில்லை என்று நான் நம்பத் தொடங்கியது அன்றுதான். அந்த நம்பிக்கைதான் மே மாதத்தில் மீனைக் கொன்றது என்று இப்போது நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் கேட்டபோது, இரவு பத்து மணிக்குப் போன மின்சாரம் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் வந்ததாகச் சொன்னார்கள். வெறும் ஏழு மணி நேரம்.

தொட்டிக் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு காலத்தையும் ஒப்பிட்டேன். புயல் நாட்களில் தண்ணீர் 25 டிகிரியில் இருந்திருக்கிறது. மே மாதத்தில் விசிறி ஓடும்போதே 29, விசிறியும் நின்று, சன்னல்கள் அடைத்த பூட்டிய வீட்டில் 32ஐத் தாண்டியிருக்கும். மறுநாள் நான் வந்து பார்த்தபோதும் 31.6 காட்டியது. கடல் நீர் நன்னீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் தாங்கும் அதே நீர், 32 டிகிரியில் 6 மில்லிகிராம்தான் தாங்கும். குறைந்தது சிறிதளவுதானே என்று தோன்றும். ஆனால் சூடு ஏற ஏற மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் மூச்சின் தேவை கூடுகிறது. இரவில் விளக்கு இல்லாததால் பாசியும் சோவாந்திட்களும்கூட ஆக்சிஜனைத் தராமல் எடுத்துக்கொள்ளவே செய்யும். இருப்பு குறைந்த வேளையில் செலவு மட்டும் எல்லாப் பக்கமும் ஏறியிருக்கிறது. பெரிய உடம்புக்குத் தேவையும் பெரிது; அதனால் பெட்டை போயிற்று, அதில் பாதியே இருந்த ஆண் பிழைத்தது.

மின்சாரம் நின்றதும் தானாகவே இயங்க வேண்டிய ஏர் பம்ப் ஏன் இயங்கவில்லை என்று திறந்து பார்த்தேன். பேட்டரி கசிந்து, முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. புயலுக்குப் பின் புதிய பேட்டரிகளைப் போட்ட நான், உப்புக் காற்று அடிக்கும் இந்த வீட்டில், ஐந்து மாதமாக அதைத் திறந்தே பார்க்கவில்லை.

எதிர் வீட்டு அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அன்று வீட்டில் இருந்தார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கத்திரி வெயில்ல மேத்தண்ணி சுட்டுச்சுன்னா மீனு ஆழத்துக்கு எறங்கிடும் தம்பி. உன் தொட்டில அது எங்க எறங்கும்?" என்று கேட்டார். குறிப்பேட்டில் நான் ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

அன்று செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது, அது ஒருவகையில் நல்லதாயிற்று. அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையாக மாறி 0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) காட்டியது. ஒரு மீன் இறந்ததால் மட்டும் இவ்வளவு ஏறாது என்று எண்ணிப் பாறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தபோது, மணலில் வளை தோண்டி வாழ்ந்த கோபி மீனும் அடியில் இறந்து கிடந்தது. அதையும் எடுத்துவிட்டு, நீல டிரம்மில் ஏற்கெனவே கரைத்து வைத்திருந்த நாற்பது லிட்டரை மாற்றினேன். மீன் இறந்து கிடக்கும் தொட்டியில் முதலில் தேட வேண்டியது, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் இன்னொரு மீனைத்தான்.

ஞாயிறுதோறும் காசிமேட்டில் மீன் வாங்கிக் குழம்பு வைக்கும் வீடு எங்களுடையது. எனவே இந்தத் துக்கத்தை அலுவலகத்தில் சொன்னபோது சிலர் புரியாமல் பார்த்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. காலையில் காப்பிக் குவளையுடன் கண்ணாடி அருகே போனால் முன்னால் வந்து நிற்கும் மீன் அது. கை விரலை வைத்தால் கடிக்க வரும். "ராத்திரியெல்லாம் தண்ணி ஊத்திக் காப்பாத்தினோமேடா" என்று மட்டும் சொன்ன அம்மா, அதைக் குப்பையில் போட விடவில்லை. மாடியில் செம்பருத்தித் தொட்டியில் குழி பறித்து அவரே புதைத்தார். அந்த வாரம் குழம்புக்கு மீன் வாங்கவில்லை; ஏன் என்று நானும் கேட்கவில்லை.

எஞ்சிய ஆண் மூன்று நாட்கள் தீனி எடுக்கவில்லை, தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கருக்குப் பின்னாலேயே நின்றது. நான்காம் நாள் பூண்டுச் சாற்றில் ஊறிய இறால் துணுக்கை விழுங்கியது. கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் மூத்த பெட்டை இறந்தால், அடுத்த நிலையில் இருக்கும் ஆண் பெட்டையாக மாறிவிடும். நான் இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஆனால் என் வீட்டுக் கூடத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. பருவமழை தொடங்கும் நேரத்தில் அதன் உடம்பு தடித்து, நிறம் கருஞ்சிவப்பாகி, முன்பு பெட்டை காவல் காத்த அதே பாறை மூலையை அது காக்கத் தொடங்கியிருந்தது.

ஜனவரியில்தான் இன்னொரு குஞ்சு வாங்கத் துணிந்தேன். வெண்புள்ளி நோய் வந்துவிடக் கூடாது என்பதால் ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்து, பிறகே விட்டேன். முதல் இரண்டு நாட்கள் பெரியது அதைத் துரத்தியது. மூன்றாம் நாள் குஞ்சு அதன் முன்னால் நின்று உடம்பை மெல்லச் சிலிர்த்து நடுக்கிக் காட்டியது. நீ பெரியவள், நான் அடங்கினேன் என்பதற்கு அந்த இனத்தில் அதுதான் அடையாளம். இரவில் இரண்டும் அந்த மூலையில் ஒன்றாகத் தூங்குகின்றன.

2025இல் கத்திரிக்கு முன்பாகவே வேவ்மேக்கரையும் விசிறியையும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டேன். ஏர் பம்பும் இருக்கிறது. மாதம் பிறந்ததும் காலண்டரில் தேதி கிழிக்கும் அம்மா, "பேட்டரியப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குள் போகிறார்.