குழிக்குள் விழுந்தவை: கள நாட்குறிப்பு

ஜூன் 3

இருபது கோப்பைகளைப் புதைத்து முடித்தோம். பத்து அடர்நிழலில், பத்து, பெருமரம் ஒன்று சாய்ந்து வானம் தெரிகிற திட்டில். மரம் விழுந்த இடத்தில் தரைவண்டுகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பதுதான் கேள்வி. குழிப்பொறி என்று பெயர் பெரிதாக இருக்கிறது; விளிம்புவரை மண்ணில் இறக்கிய பிளாஸ்டிக் கோப்பை, அவ்வளவே. ஆனால் விளிம்பு மண்மட்டத்துக்கு ஒரு நூல் உயர்ந்தாலும் வண்டு முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். விரலால் தடவித் தடவிச் சமன் செய்ததில் முழங்கால் இரண்டும் போயின.

ஒரு வாரம் மூடி வைத்திருப்பேன். புதிதாகக் கிளறிய மண்ணில் முதல் சில நாள் பூச்சிகள் அதிகம் விழும். அதை எண்ணிவிட்டு ஏமாறக் கூடாது. மாணவிக்குத்தான் பொறுமையில்லை.

ஜூன் 11

திறந்தாயிற்று. திரவம் ஊற்றவில்லை, உயிரோடு பிடித்து, எண்ணி, விட்டுவிடுவது. உள்ளே நாலு சருகு போட்டோம். ஒளிய இடமில்லையென்றால் பெரிய வண்டு சின்னதைத் தின்றுவிடும், காலையில் கால்கள் மட்டும் கிடைக்கும்.

ஜூன் 14

மூன்று இரவுகள். திட்டில் 71, நிழலில் 34. “மேடம், இரட்டிப்பு!” என்று மாணவி குதித்தாள். நானும் நோட்டில் ‘இரட்டிப்பு’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

படுத்த பிறகு உறுத்தல். அந்த 71-இல் ஒரே வண்டு மூன்று முறை விழுந்திருக்கலாமே. அதோடு, வண்டின் உடற்சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. நண்பகலில் திட்டின் மண் 31 டிகிரி, நிழலில் 24. சூடு கூடினால் நடை கூடும். அதிகம் நடப்பது அதிகம் விழும். கோப்பை எண்ணுவது இருப்பவற்றையா, நடந்தவற்றையா?

ஜூன் 15

மழை. கூரை வைத்தும் நான்கு கோப்பைகள் வழிந்துவிட்டன. ஒன்றை ஏதோ விலங்கு தோண்டி எறிந்திருக்கிறது.

ஜூன் 17

மழை விடவில்லை. மாணவிக்குப் பழைய கணக்கு ஒன்றைச் சொன்னேன். பனாமா காட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களுக்குப் பூச்சிமருந்துப் புகை போட்டு, கீழே விழுந்தவற்றைப் பொறுக்கினார் பூச்சியியலாளர் டெர்ரி எர்வின். வண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 1,200 இனங்கள். அவற்றில் 163 அந்த மரத்தையே நம்பியவை என்று வைத்துக்கொண்டு, வெப்பமண்டல மர இனங்கள் 50,000 என்று பெருக்கி, மற்ற கணுக்காலிகளையும் தரையில் வாழ்பவற்றையும் சேர்த்து, வெப்பமண்டலத்தில் மொத்தம் 3 கோடி கணுக்காலி இனங்கள் என்று 1982-இல் எழுதினார். பூச்சிகளுக்கு அவ்வளவு மரப் பிடிவாதம் இல்லை என்று பின்னால் தெரியவர, மதிப்பீடு வெகுவாக இறங்கியது. எனக்கு அவர்மேல் மரியாதைதான்: ‘வைத்துக்கொண்ட’ ஒவ்வொன்றையும் வெளிப்படையாக எழுதியதால்தான் மற்றவர்களால் அதைப் பிடித்து ஆட்டிப் பார்க்க முடிந்தது.

ஜூன் 21

விழுந்தவை அல்ல, உண்மையில் இருப்பவை எத்தனை என்று கணிக்க, பெரிய கறுப்பு வண்டு ஓரினத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். இறக்கையுறையில் நெயில் பாலிஷ் பொட்டு: திட்டு வண்டுக்கு மஞ்சள், நிழல் வண்டுக்கு வெள்ளை. மாணவிக்குக் கை நடுங்குவதே இல்லை. நான் வைத்த முதல் பொட்டில் வண்டின் கண் தப்பியது என் அதிர்ஷ்டம். பிடித்ததும் பின்புறத்திலிருந்து காரமாக ஒன்றைப் பீய்ச்சுகிறது. எத்தனை முறை கழுவியும் விரலில் நெடி போகவில்லை. திட்டில் 40, நிழலில் 22 பொட்டிட்டு விட்டோம்.

ஜூன் 25

திட்டில் 36 விழுந்தன, 16-இல் பொட்டு. நிழலில் 20, பொட்டு 5. இப்போது விழுந்தவற்றில் பொட்டுக்கு என்ன பங்கோ, அங்கே இருக்கும் மொத்தத்திலும் அதே பங்கு என்று கொண்டு, முதலில் பொட்டிட்டதை இப்போது விழுந்ததால் பெருக்கி, பொட்டோடு திரும்பியதால் வகுத்தால் மொத்த இருப்பு கிடைக்கும். திட்டில் 90. நிழலில் 88.

மாணவி மூன்று முறை போட்டுப் பார்த்தாள். நான் துள்ளவில்லை. நிழலில் ஐந்துக்குப் பதில் நான்கு திரும்பியிருந்தால் 110, ஆறு என்றால் 73. போதாக்குறைக்குத் திட்டின் ஏழாம் கோப்பையில் வெள்ளைப் பொட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரும் எல்லை தாண்டுவதில்லை என்று வைத்துக்கொண்டுதானே இந்தக் கணக்கு!

ஜூன் 26

வெட்கக்கேடு. இந்த வண்டு இரவில் நடப்பது. நான் அளந்ததோ நண்பகல் சூடு. நேற்று நள்ளிரவில் டார்ச்சோடு போய் அளந்தேன். திட்டு 20, நிழல் 22. திறந்த தரை இரவில் சீக்கிரம் ஆறிவிடுகிறது. ஆக, சூடு காரணமில்லை. குனிந்து பார்த்தபோதுதான் உறைத்தது: நிழலில் சருகு கணுக்கால் உயரம், திட்டில் வெறும் மண். சருகுக்குள் வண்டு ஏறி இறங்கிப் போகிறது, வெறுந்தரையில் ஓடுகிறது.

நிழல் கோப்பைகளில் ஐந்தைச் சுற்றி இரண்டடிக்குச் சருகை வாரினோம். மீண்டும் மூடி.

ஜூலை 6

மூன்று இரவு. வாரிய ஐந்தில் 24, வாராத ஐந்தில் 11. ஐந்து கோப்பையை வைத்து ஊருக்குச் சொல்ல முடியாது. அடுத்த மாதம் இடம் மாற்றித் திரும்பச் செய்ய வேண்டும். நோட்டில் ‘எண்ணிக்கை’ என்றிருந்த தலைப்பை மாணவி அடித்து ‘விழுந்தவை’ என்று எழுதியிருக்கிறாள். என்னிடம் கேட்கக்கூட இல்லை.