சிவப்பு எங்கே போனது

ஆகஸ்ட் 4, திங்கள்

படத்துக்கு கேமரா டெஸ்ட். காலை முதல் இரவு வரை ஒரே சாம்பல் அட்டை. இரண்டு கேமரா, ஒரே லென்ஸ், மாற்றி மாற்றிப் பொருத்தினோம். பழைய இழை விளக்கான டங்ஸ்டனில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. எல்.இ.டி. பேனலையும் டங்ஸ்டனின் நிற அளவான 3200 கெல்வினில் வைத்தோம். மீட்டரும் 3200 என்றது, அட்டையும் சாம்பலாகவே இருந்தது. ஆனால் அட்டையை எடுத்துவிட்டு நான் போய் நின்றதும் பி கேமராவில் என் கன்னம் செத்துவிட்டது. சாம்பல் பூசினாற்போல் இருந்தது. நாயகியும் என் நிறம்தான், அதனால்தான் ஒளிப்பதிவாளர் சார் என்னை நிற்கச் சொன்னார்.

ஆவணி 2-ஆம் தேதி பூஜை. பதினான்கு நாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கண்புரைதான் என்றாலும் ஆடியில் தன் கண்ணில் கத்தி வைக்க வேண்டாம் என்கிறாள் அம்மா. ஆவணி பிறந்தால் நான் ஊரில் இருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தூக்கம் வரவில்லை. எல்.இ.டி. பெட்டியில் சி.ஆர்.ஐ. 95 என்று அச்சடித்திருக்கிறார்கள், விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண். அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் கிடையாது. ஆர்9 என்று தனியாக ஒதுங்கி நிற்கிறது. எங்கள் தோலுக்குள்ளே ஓடுவதோ அந்தச் சிவப்பு. சராசரி 95 வாங்கிய விளக்கு அதில் தோற்றிருந்தாலும் பெட்டியைப் பார்த்தால் தெரியாது.

வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது நீலம். மேலே பூசிய பாஸ்பர் அதில் ஒரு பங்கை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. அதனால் 450 நானோமீட்டர் பக்கம் ஒரு கூர்முனை, அதை ஒட்டி 480-இல் ஒரு பள்ளம். கண் எல்லாவற்றையும் கூட்டி வெள்ளை என்று சொல்லிவிடும். சென்சார் அப்படிக் கூட்டாது, ஒவ்வொரு கம்பெனி சென்சாரும் அதன் வழியில் கூட்டும். சி.ஆர்.ஐ. மனிதக் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு. ஆஸ்கர் அகாதெமி கொண்டுவந்த எஸ்.எஸ்.ஐ. என்ற எண் கண்ணையும் கேமராவையும் விட்டுவிட்டு, நிறமாலையை நிறமாலையோடே ஒப்பிடுகிறது. 2020-இல் அது சினிமா, டிவி பொறியாளர் சங்கமான எஸ்.எம்.பி.டி.இ.யின் தரமாகவே வந்துவிட்டது. வாடகைக்கு விளக்கு எடுக்கும்போது அந்த எண்ணை இங்கே யாராவது கேட்கிறார்களா? நான் கேட்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மாவுக்கு முடிந்தது. வலது கண். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள், பிறகு மற்றதை. "இந்தக் கண்ணுல செவுரு நீலமா இருக்குடி. அந்தக் கண்ணுல டீ ஊத்தின மாதிரி இருக்கு. எதுடி சரி?"

பொங்கலுக்கு அடித்த வெள்ளை. பதில் சொல்ல வரவில்லை. சொட்டு மருந்து விட்டேன். வெகுநேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அரிக்கேன். திண்ணையிலிருந்து கிணற்றடி வரை நாயகி அரிக்கேனோடு நடக்க வேண்டும். நிஜத் திரியின் வெளிச்சம் போதாது. கண்ணாடிக்குள் சின்ன எல்.இ.டி., சட்டகத்துக்கு வெளியே இரண்டு டியூப், எல்லாம் விளக்குகளை இயக்கும் டி.எம்.எக்ஸ். வழியாகச் சேர்ந்து நடுங்க வேண்டும்.

நடுங்கவில்லை. படிப்படியாகக் குதித்தது. எட்டு பிட்டில் மொத்தமே 256 படிகள். மேலே 200-க்கும் 201-க்கும் வித்தியாசம் தெரியாது. அடியில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் வெளிச்சம் ஒரேயடியாக ஏறிவிடுகிறது. தீபம் அடியில்தானே இருக்கிறது!

லைட்மேன் அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "டங்ஸ்டனை இறக்கினா அதுவா செவக்கும்மா. இது இறக்கினாலும் அதே கலர்ல நிக்குது. அதான் உயிர் இல்ல." அவ்வளவுதான் சொன்னார். நான் மூன்று மணி நேரமாக வேகத்தையே திருத்திக்கொண்டிருந்தேன். நிறத்தைத் தொடவே இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பதினாறு பிட். ஒரு கட்டுப்பாட்டுக்கு இரண்டு சேனல், 65,536 படிகள். வெளிச்சம் இறங்கும்போதெல்லாம் கெல்வினும் கூடவே இறங்குமாறு கட்டினேன். டங்ஸ்டன் இழை சூடாகவும் ஆறவும் கொஞ்சம் நேரம் எடுக்கும், அந்தத் தாமதத்தையும் போட்டேன்.

மானிட்டரில் அரிக்கேன் எரிந்தது. அண்ணன் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழைக் காட்சிக்கு நொடிக்கு 100 பிரேம், ஒரு பிரேமுக்கு 1/200 நொடி. டியூப் முழு வெளிச்சத்தில் சுத்தமாக இருந்தது. பத்து சதவீதத்துக்கு இறக்கினால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. வெளிச்சத்தைக் குறைப்பதாகச் சொல்லி விளக்கு நிஜத்தில் அணைந்து அணைந்து எரிகிறது, சென்சார் வரிவரியாகப் படிக்கும்போது அணைந்த நேரம் வரியில் விழுந்துவிடுகிறது. கடைக்காரரிடம் சொன்னேன். "கண்ணுக்குத் தெரியலையேம்மா" என்றார். நேற்றைய அத்தனை சந்தோஷமும் போய்விட்டது.

முழு வெளிச்சத்தில் வைத்து முன்னால் துணி கட்டலாம். அல்லது வேறு டியூப். பணம்?

ஆகஸ்ட் 13, புதன்

டெஸ்ட்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தயாரிப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

முகத்துக்கு மட்டும் டங்ஸ்டன், மற்றதெல்லாம் எல்.இ.டி. என்று கேட்டுவிட்டேன். ஜெனரேட்டர் சுமை, சூடு, கூட இரண்டு ஆள், எல்லாம் யோசித்துத்தான் கேட்டேன். சார் இரண்டு கிளிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். என் முகம், என் முகம். ஒன்றில் இரத்தம் ஓடுகிறது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

ஆகஸ்ட் 16, சனி

போன் இல்லை. அம்மா மறுபடி கண்ணைப் பொத்திப் பொத்தி என்னையே பார்க்கிறாள். நீலக் கண்ணில் நான் இளைத்துத் தெரிகிறேனாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. இரவு 9.40-க்கு சார் அனுப்பிய செய்தி: "ரெண்டு பேபி, ஒரு ஜூனியர் சொல்லிடு." மூன்றும் டங்ஸ்டன் விளக்கு! அண்ணனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி