முதலில் பேருந்து, பிறகு ரயில்: வரைபட மேசையிலிருந்து

மார்ச் 3

கூட்டத்தில் ஒரு வரி முடிவானது: "இப்போது பி.ஆர்.டி., பின்னாளில் ரயிலுக்கு மாற்றக்கூடிய விதத்தில்." பி.ஆர்.டி. என்றால் பேருந்துக்கென்றே தனித் தடமும் நிலையங்களும் ஒதுக்கி ஓட்டுவது. எல்லோரும் தலையாட்டினார்கள். மாற்றக்கூடிய விதம் என்றால் எந்த விதம் என்று யாரும் கேட்கவில்லை. அது வரைபடம் போடுகிறவர்கள் பாடு.

மார்ச் 6

முதலில் கணக்கு. 18 மீட்டர் இணைப்புப் பேருந்தில் நெருக்கி ஏற்றினால் 150 பேர். ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 40 பேருந்து, ஒரு திசையில் 6,000 பேர். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 9,000. அதற்கு மேல் பேருந்துகளை வாங்கிக் குவித்துப் பயனில்லை, ஏனென்றால் அடைப்பது சாலை அல்ல, நிலையம். முன்னால் நிற்கும் வண்டி கிளம்பினால்தான் பின்னால் வருவது உள்ளே நுழைய முடியும்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற பி.ஆர்.டி. ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றிக் காட்டியது. நிலையங்களில் முந்திச் செல்லத் தனித் தடம், ஒரே நிலையத்தில் பல நிறுத்துமிடங்கள், சில நிலையங்களில் நிற்காமல் போகும் விரைவுச் சேவை என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது முடிந்தது. நம் சாலையில் முந்தும் தடத்துக்குப் பாதி இடங்களில் அகலம் இல்லை. ரயில் பேச்சு எழுவது அதனால்தான். அதில் நியாயம் இருக்கிறது.

மார்ச் 11

"இப்போதே தண்டவாளத்தையும் பதித்துவிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில்காரர்கள் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். நகர மையத்தின் அடியில் 1990இல் திறந்த பேருந்துச் சுரங்கத்தில், என்றைக்காவது ரயில் வரும் என்று தண்டவாளமும் போட்டார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்த கதை. 2005இல் சுரங்கத்தை மூடி அந்தத் தண்டவாளங்களைப் பிடுங்கினார்கள், மின்காப்பு போதவில்லை என்று. நேர்மின்சாரத்தில் ஓடும் ரயிலில் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்புகிறது. காப்பு சரியில்லாவிட்டால் மண்ணுக்குள் கசிந்து பக்கத்திலுள்ள இரும்புக் குழாய்களை அரித்துவிடும். அதற்குள் தாழ்தள ரயில்களும் வழக்கத்துக்கு வந்துவிட்டதால் தரையையும் இறக்க வேண்டியிருந்தது. 2007இல் பேருந்துகள் திரும்பின, 2009இல் ரயில் ஓடியது, 2019 வரை இரண்டும் ஒரே சுரங்கத்தில் போயின.

ஆனால் சுரங்கம் வீணாகவில்லை. அதன் அகலம், வளைவு, நிலையம் இருந்த இடம் எல்லாம் பயன்பட்டன. அவசரப்பட்டு வாங்கிய பொருள்தான் பழையதானது.

மார்ச் 12

நேற்றையதன் தொடர்ச்சி. எதை இப்போதே செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது?

வளைவும் ஏற்றமும் இப்போதே. பேருந்து எங்கும் திரும்பும், எதிலும் ஏறும். அந்த வசதியே வரைபவனைச் சோம்பேறியாக்குகிறது. இலகு ரயில் (சாலையோடும் ஓடக்கூடிய சிறிய ரயில்) 25 மீட்டர் ஆரத்தில்கூடத் திரும்பிவிடும், மெட்ரோவுக்கு 100 மீட்டராவது வேண்டும். ஏற்றம் இலகு ரயிலுக்குச் சுமார் 6 சதவீதம், மெட்ரோவுக்கு 3, 4. ஆக, எந்த ரயில் என்று சொல்லாமல் 'ரயிலுக்கு ஏற்றபடி' என்பதற்குப் பொருளே இல்லை. இதைக் கொட்டை எழுத்தில் குறிப்பு அனுப்பியிருக்கிறேன்.

பாலத்தின் அடித்தளமும் இப்போதே. மேல்தளத்தைப் பின்னால் மாற்றலாம், ஆற்றுக்குள் தூணைப் பலப்படுத்துவது தனிக் கொடுமை. நிலையத்துக்கு முன்னும் பின்னும் நேரான நீளம் விட்டுவைக்க வேண்டும், ரயில் நடைமேடை பேருந்தினுடையதைப் போலப் பல மடங்கு. கூரை, டிக்கெட் வாயில், சிக்னல் கருவி எதையும் ரயிலுக்காக இப்போது வாங்கக்கூடாது.

மார்ச் 17

குழாய்கள். தடத்துக்கு நேர் கீழே குடிநீர்ப் பெருங்குழாய் ஓடுகிறது. "பஸ்தானே சார், குழாய் உடைஞ்சா ரெண்டு நாள் பக்கத்துல திருப்பி விட்டுக்கலாம்" என்றார் சாலைப் பிரிவுக்காரர். பேருந்துக்குச் சரி. "ரயிலை எங்கே சார் திருப்புறது?" என்றேன். சிரித்தார். எப்படியும் தோண்டத்தான் போகிறோம், இப்போதே ஓரத்துக்கு நகர்த்தினால் ஒரே தடவையோடு போகும். செலவு எந்தத் தலைப்பில் என்பதில் கூட்டம் முடிந்தது.

மார்ச் 20

யாரும் பேசாத விஷயம் இது: மாற்றும் ஆண்டுகளில் பயணிகள் எங்கே போவார்கள்? கனடாவின் ஆட்டவாவில் 1983 முதல் தனிச்சாலையில் பேருந்து ஓடியது. அதன் ஒரு பகுதியை ரயிலாக மாற்றி 2019இல் திறந்தார்கள். கட்டிய ஆண்டுகளில் பேருந்துகள் வேறு சாலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. தடம் எவ்வளவு நன்றாக ஓடுகிறதோ, அதை மூடுவது அவ்வளவு கடினம்.

ஜகார்த்தா வேறு வழியில் போனது. 2004இல் டிரான்ஸ்ஜகார்த்தா என்ற பி.ஆர்.டி. தொடங்கிய அதே பெருஞ்சாலையின் அடியில் 2019இல் மெட்ரோ வந்தது; மேலே பேருந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்றுவதற்குப் பதில் சேர்ப்பது. என் வாக்கு இதற்கே. அப்படியானால் இப்போது ஒதுக்க வேண்டியது தடத்தின் அடியிலோ மேலேயோ உள்ள இடம், படிக்கட்டு இறங்க ஓரத்து நிலம். முன்னால் எழுதிய பட்டியலில் பாதி மாறுகிறது.

மார்ச் 24

டெல்லியை இழுத்தார்கள், எதிர்பார்த்ததுதான். 2008இல் திறந்து 2016இல் இடித்த 5.8 கிலோமீட்டர் பி.ஆர்.டி. தடம். அவ்வளவு சிறிய துண்டைத் தாண்டியதும் பேருந்து மறுபடி நெரிசலில்தான் கலக்கும். அதை வைத்து எல்லாத் தடங்களையும் தீர்மானிக்க முடியாது. அகமதாபாத்தில் 2009இல் தொடங்கியது வலைப்பின்னலாக வளர்ந்து இன்றும் ஓடுகிறது.

மார்ச் 28

"எப்படியும் ரயில் வரப்போகிறது, தற்காலிக நிறுத்தம் போதும்" என்று வரைவு அறிக்கையில் ஒரு வரி நுழைந்திருக்கிறது. எரிச்சலாக இருந்தது. ரயில் வர எத்தனை ஆண்டு ஆகுமோ. அதுவரை மழையில் நின்று, படியேறி, உள்ளே டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு அது தற்காலிகம் அல்ல. பேருந்தின் தளத்துக்குச் சமமான நடைமேடையும், ஏறும் முன்பே கட்டணமும் இல்லாவிட்டால் வண்டி நிற்கும் நேரம் கூடும்; நான் போட்ட 9,000 கணக்கு காகிதத்தோடு சரி.

வரியை அடித்துவிட்டு நிலைய அளவுகளைப் போட்டேன். குறுகிய பகுதியில் நில ஒதுக்கீட்டுக் கோட்டை இரண்டு பக்கமும் தனித்தனி நிறத்தில் வரைந்திருக்கிறேன். திங்கள்கிழமை நிலப் பிரிவுக்குப் போகிறது. அந்தக் கோட்டுக்குள் புதிய கட்டட அனுமதி கொடுக்காமல் இருந்தாலே போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.