பிசிஷியன் அசிஸ்டென்ட் வாத்தியார்

கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்டார்: "டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தர்ற வேலையாம்மா?" பிசிஷியன் அசிஸ்டென்ட் என்றால் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில், டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்து, சிகிச்சையில் கைகொடுக்கப் படித்தவர்கள் நாங்கள்.

அமெரிக்காவில் 1965-ல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முன்னாள் கடற்படை மருத்துவ உதவியாளர்கள் நால்வரை வைத்து இந்தப் படிப்பைத் தொடங்கினார். இந்தியாவில் 1992-ல், நம்ம சென்னையில்தான்; மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் ஆரம்பித்து வைத்தார். இதய அறுவை சிகிச்சையில் பிறந்த படிப்பு என்பதால் அந்த வாசனை இன்னும் போகவில்லை.

நானும் பைபாஸுக்குக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துப் பழகியவள்தான். கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி, எடுத்தபின் சிரிஞ்சில் திரவம் செலுத்திக் கசிவு பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு இதில்தான் ஆசை. நான் விடமாட்டேன். முதலில் நோயாளியிடம் பேசி கேஸ் ஷீட் எழுது என்பேன். திட்டிக்கொண்டேதான் எழுதுவார்கள்!

எங்கள் தொழில் சங்கத்தின் வேலை வேறு ரகம்: மனு, கூட்டம், ஆறிப்போன காபி. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் எங்கள் தொழிலும் இருக்கிறது. அதன்படி மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம், இப்போது மாணவர்களை நச்சரிப்பது அதற்குத்தான்: சான்றிதழ், லாக்புக் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வை!